சேம்பிலை விரிப்பு

டோக்கொரோவா
9 பிப்ரவரி 1986

கிறிஸ்துவுக்குள் பிரியமான அகாயிதி அக்காவுக்கு,

நூரோவா எழுதுவது. நானும் பையன்களும் கர்த்தர் கிருபையால் சுகம். வீட்டுக்காரர் பீட்டாவுக்குத்தான் இடுப்பு இன்னும் சரியாகவில்லை. காகித ஆலையில் மரக்கட்டை சரிந்த நாளிலிருந்து படுக்கைதான். அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது? ஐதுதாகித் தீவில் மழை நின்றதா?

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, "ஏ நூரோ, உங்க அக்கா மகளுக்குக் கல்யாணமாமே, ஒரு வார்த்தை சொல்லல?" என்று ஒருத்தி கேட்டாள். தெபாயேருவுக்கு நிச்சயமானதை நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். "ஆமா, ஆமா" என்று பல்லைக் காட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கழிப்பறையில் உட்கார்ந்து அழுதேன். நீ ஒரு வரி எழுதியிருக்கலாம்.

அக்கா, உன்னிடம் ஒன்று கேட்கப் போகிறேன். பத்தொன்பது வயதில், கல்யாணமாகாமல், கையில் மோதிரம் இல்லாமல் நான் பெற்ற பிள்ளையை, பதினோராம் நாள் அப்பா தூக்கி உன் மடியில் வைத்தார். பிள்ளையில்லாத அக்காவுக்குத் தங்கை பிள்ளை கொடுப்பது நம் ஊரில் புதிதில்லை. நான் குறை சொல்லவில்லை. நீதான் அவளுக்கு அம்மா, நான் சித்தி, அப்படியே இருக்கட்டும். ஆனால் கல்யாணத்தன்று பெண்ணின் தோளில் முதலில் விழுவது தாய் தைத்த திவாய்வாய் விரிப்பு. யார் தைத்தது என்று ஊருக்குக் கேட்கக் கூவிச் சொல்லித்தான் போர்த்துவார்கள். அந்த முதல் விரிப்பை நான் தைக்கிறேன். அந்த ஒரு நாள் மட்டும் எனக்குக் கொடு.

எனக்கு வெட்டத் தெரியாது. துணியை எட்டாக மடித்து, கோடு போடாமல் கத்தரியை ஓட்டி, விரித்தால் பூவாக வரும் வித்தை அம்மாவிடமிருந்து உனக்குத்தான் வந்தது. சிவப்புத் துணியைத் தியாரே பூவாக வெட்டி, வெள்ளைத் துணியின் மேல் வைத்துத் தற்காலிகமாக நூலோட்டி அனுப்பு. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பீட்டாவிடம் தெபாயேரு யார் என்று சொல்லிவிட்டேன். போன மாதம்தான் சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்பாவுக்கு என் முத்தங்கள்.

உன் தங்கை
நூரோவா


ஐதுதாகி
20 மார்ச் 1986

நூரோவுக்கு,

அனைவரும் சுகம். அப்பாவின் இருமல் அப்படியேதான். பீட்டாவின் இடுப்புக்காகச் சபையில் ஜெபித்தோம்.

பதினெட்டு வருஷம் இங்கிலீஷ்காரன் ஊரில் இருந்ததில் உனக்கு உரிமை பேசும் பழக்கம் வந்துவிட்டது. நல்லதுதான்.

தெபாயேரு பிறந்ததிலிருந்து அவளுக்கென்று ஆறு விரிப்பு தைத்துப் பெட்டியில் வைத்திருக்கிறேன். முதலாவது அவளுக்குப் பல் முளைத்தபோது ஆரம்பித்தது. இதை உன்னிடம் சொல்லிக்காட்டுவதற்காக எழுதவில்லை. தெரிந்துகொள்ளட்டும் என்று எழுதுகிறேன்.

துணி வெட்டிவிட்டேன். பார்சல் கப்பலில் வரும். நீ பூ கேட்டாய். பூவின் இதழ் நுனிகளில் ஊசி பொறுமையாக வளைந்து போக வேண்டும், உனக்குப் பொறுமை எந்த அளவு என்று எனக்குத் தெரியும். அதனால் சேம்பிலை வெட்டியிருக்கிறேன். பெரிய இலை, வளைவு குறைவு. நம் வீட்டுப் பன்றிகூடத் தைத்துவிடும்.

இரண்டு விஷயம். தையல் அரிசி மணி அளவுக்கு மேல் போகக்கூடாது. இங்கே பெண்கள் முன்பக்கத்தைப் பார்ப்பதில்லை, திருப்பிப் பின்பக்க முடிச்சைத்தான் பார்ப்பார்கள் என்பது உனக்கு மறந்திருக்காது. இன்னொன்று, மூலையில் பெயர் போடாதே. பெயர் போடுவது டவுனில் விற்பவர்கள் செய்கிற வேலை. நன்றாகத் தைத்திருந்தால் யார் தைத்தது என்று கை சொல்லும்.

உன் கடிதத்தைத் தெபாயேருவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுப் பன்றிக்குத் தீனி வைக்கப் போனாள்.

கல்யாணம் டிசம்பர் ஆறாம் தேதி. மாப்பிள்ளை தெஆரிகி, பாதிரியார் வீட்டுக்கு எதிர்வீட்டுப் பையன். படகு சொந்தமாக வைத்திருக்கிறான்.

கர்த்தர் உங்களோடு இருப்பாராக.

அகாயிதி


டோக்கொரோவா
27 ஏப்ரல் 1986

பிரியமான அக்காவுக்கு,

கியா ஓரானா, நீ வாழ்க. பார்சல் வந்து சேர்ந்தது. எல்லோரும் சுகம். குளிர் ஆரம்பித்துவிட்டது.

சேம்பிலையைப் பார்த்து முதலில் கோபம்தான் வந்தது. கல்யாணப் பெண்ணின் தோளில் போய்க் கிழங்கு இலையா? பிறகு விரித்தேன். கூடத்தில் இடம் போதாமல் பையன்களை வெளியே விரட்டிவிட்டு விரித்தேன். எட்டு இலை, ஒவ்வொன்றிலும் நரம்பு நரம்பாக. அதில் ஒன்றில்கூடக் கத்தரி தயங்கவில்லை. உன் நாக்கு இப்படி, உன் கை இப்படி. ஒரே ஆள் எப்படி இரண்டையும் வைத்திருக்கிறாயோ.

புதன்கிழமைதோறும் சபைக் கூடத்தில் நம் ஊர்ப் பெண்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து தைக்கிறோம். மற்றவர்கள் ஒருவர் துணிக்கு ஒருவர் கை கொடுக்கிறார்கள். என் துணியைத் தொட நான் யாரையும் விடவில்லை. "என்ன நூரோ, தங்கத்துலயா தைக்கிற? எங்க கை பட்டா கறுத்துடுமா?" என்று கேலி பேசுகிறார்கள். பேசட்டும். ஆலையில் சாயங்கால ஷிப்டில் தரை துடைத்துவிட்டு வந்து தைக்கிறேன். இரண்டு இலையின் ஓரம் முடிந்தது.

தெபாயேருவுக்கு ஒரு சின்னக் கடிதம் உள்ளே தனியாக ஒட்டி வைத்திருக்கிறேன். அவளிடம் கொடு. அவள் ஒன்றும் கேட்கவில்லையா? என் துணியைப் பற்றி ஒரு வார்த்தை? பன்றிக்குத் தீனி வைத்துவிட்டு வந்த பிறகாவது?

அவளுக்கு இப்போதும் காதுக்குப் பின்னால் அந்த மச்சம் இருக்கிறதா?

உன் தங்கை
நூரோவா


ஐதுதாகி
30 ஜூன் 1986

நூரோவுக்கு,

இங்கே சுகம். அப்பா இப்போது அதிகம் வெளியே போவதில்லை, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். ராத்திரி மூச்சு வாங்குகிறது. டாக்டர் வந்து மாத்திரை கொடுத்தார்.

மச்சம் எங்கேயும் போகாது. இருக்கிறது.

உன் தையலைப் பார்க்காமல் நான் நிம்மதியாக இருக்க முடியாது. ஒரு முழம் தனித்துணியில் ஓர் ஓரம் தைத்து அனுப்பு என்று சபைப் பெண் மூலமாகச் சொல்லி அனுப்பியிருந்தேன். வந்தது. பார்த்தேன். பிரித்துவிட்டேன். வளைவில் நான்கு தையல் போட வேண்டிய இடத்தில் இரண்டு போட்டிருக்கிறாய். துணியிலும் அப்படித்தான் இருக்கும். எல்லாவற்றையும் பிரித்து மறுபடி தை. கை வலிக்கும். வலிக்கட்டும்.

கடிதத்தைத் தெபாயேருவிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

மூலையில் பெயர் போடக்கூடாது என்று சொன்னது நினைவிருக்கட்டும்.

நீ அனுப்பிய சட்டை அப்பாவுக்குப் பெரிதாக இருக்கிறது. அவர் இளைத்துவிட்டார் என்பது உனக்கு எப்படித் தெரியும்.

அகாயிதி


டோக்கொரோவா
17 ஆகஸ்ட் 1986

பிரியமான அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகம். பீட்டா கைத்தடியோடு பத்தடி நடக்கிறார்.

பிரித்தேன். ஐந்து இலையின் ஓரத்தையும் ஊசி முனையால் ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கூட இருந்த பெண்கள் ஊசியை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். வயதான ஒருத்தி, "உங்க அக்கா மனுஷிதானா?" என்று கேட்டாள். "எங்க அக்கா வெட்டுனதுல ஒரு பிசிறு காட்டுங்க பாப்போம்" என்று எரிந்து விழுந்தேன். உன்னைத் திட்ட எனக்கு மட்டும்தான் உரிமை.

மறுபடி தைத்து எட்டில் ஏழு முடித்துவிட்டேன். கண்ணாடி போட வேண்டியதாகிவிட்டது. கட்டைவிரலில் தோல் உரிந்து, ஒருநாள் வெள்ளையில் ஒரு பொட்டு ரத்தம் பட்டுவிட்டது. எச்சில் தொட்டுத் தேய்த்ததில் போய்விட்டது. உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

அவள் எனக்கு ஒரு வரி எழுதவில்லை, அக்கா. "வாங்கிக்கொண்டாள்" என்று எழுதுகிறாய். வாங்கிக்கொண்டு என்ன செய்தாள்? படித்தாளா? அழுதாளா? இரண்டு கடிதமாகக் கேட்கிறேன். துணியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதுகிற நீ, பெண்ணைப் பற்றி இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறாய். என்னிடம் கொடுக்கக் கூடாது என்று அவள் சொல்லையும் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறாயா?

பெயர் விஷயத்தில் நான் உன் பேச்சைக் கேட்கப் போவதில்லை. டவுன், கிவுன் என்று நீ சொல்வதெல்லாம் சாக்கு. உனக்குப் பயம். போர்த்தும்போது கூவுகிற பெயர் காற்றோடு போய்விடும், தைத்த பெயர் போகாது என்று பயம். இருபது வருஷம் அம்மா என்று கூப்பிட வைத்துக்கொண்டாயே, எனக்கு ஒரு மூலை கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? ஒரு சாண் மூலை!

கோபத்தில் எழுதுகிறேன். மன்னித்துக்கொள். அப்பாவுக்கு மாத்திரை ஒழுங்காகக் கொடு.

நூரோவா


ஐதுதாகி
21 செப்டம்பர் 1986

நூரோ,

அப்பா படுக்கையில் இருக்கிறார். நினைவு இருக்கிறது. கஞ்சி இறங்குகிறது.

பெயர் வேண்டாம். இந்த ஒரு முறை நான் ஏன் சொல்கிறேன் என்று கேட்காமல் சொன்னதைக் கேள்.

அகாயிதி


டோக்கொரோவா
12 அக்டோபர் 1986

பிரியமான அக்காவுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். துணி முடிந்தது. நாளைக்கு விமானத் தபாலில் அனுப்புகிறேன். கப்பலை நம்பவில்லை.

கடைசிப் புதன்கிழமை கூடத்தில் நான்கு பேர் மூலை பிடித்துத் தூக்கினார்கள். அந்த வயதானவள் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், முடிச்சைத் தடவிப் பார்த்தாள். என் கையை எடுத்து முத்தம் கொடுத்தாள். எனக்கு இந்த ஊரில் இப்படி ஒரு நாள் வந்ததில்லை.

பீட்டாவை ஒரு வாரம் விட்டுவிட்டு வர வழியில்லை. தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டும். நான் வராவிட்டாலும் என் கை அங்கே இருக்கும்.

பெயர் போட்டிருக்கிறேன். வலது கீழ் மூலையில், சிவப்பு நூலில். "என் மகள் தெபாயேருவுக்கு, தாய் நூரோவா." நீ கோபப்படு, பரவாயில்லை. போர்த்துகிறபோது அந்த மூலையை உள்பக்கம் மடித்து விடாதே. அவ்வளவுதான் நான் கேட்பது.

அப்பா எப்படி இருக்கிறார்? உடனே எழுது.

உன் தங்கை
நூரோவா


டோக்கொரோவா
24 நவம்பர் 1986

அக்கா,

தந்தி கிடைத்தது. அப்பா போய்விட்டார் என்று இரண்டு சொல்லில் வந்தது. பையன்கள் அண்டை வீட்டாரைக் கூட்டி வந்தார்கள். இந்நேரம் அடக்கம் முடிந்திருக்கும். கடைசியாக என் பெயர் ஏதாவது சொன்னாரா?

கூடத்துப் பெண்கள் மாலை முழுதும் என்னோடு இருந்து பாட்டுப் பாடினார்கள். நம் ஊரில் இருந்தால் குழியில் வைக்க ஆளுக்கு ஒரு விரிப்புக் கொண்டு வந்திருப்பார்கள். நான் அப்பாவுக்கு ஒன்றும் வைக்கவில்லை. அதற்கென்று ஒன்று தைத்து வைக்காமல் போனேனே.

கல்யாணத்தைத் தள்ளி வைக்காதே. அப்பா அதை விரும்பமாட்டார். என் விரிப்பு வந்து சேர்ந்ததா? ஆறு வாரமாகிறது, நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. வந்தது என்று மட்டும் எழுது. தெபாயேரு அதைத் தொட்டுப் பார்த்தாளா என்று மட்டும் எழுது.

நூரோவா


ஐதுதாகி
18 டிசம்பர் 1986

நூரோவுக்கு,

அப்பா நவம்பர் 21 காலையில் போனார். கஷ்டப்படவில்லை. முந்தின நாள் உன்னைப் பற்றிக் கேட்டார். "சின்னவளுக்குக் குளிருக்கு நல்ல கம்பளி இருக்கா?" என்றார். இருக்கிறது என்று சொன்னேன். வீட்டு முன்னால், அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். சிமெண்ட் மேடை போட்டாயிற்று.

கல்யாணம் சொன்ன தேதியில் நடந்தது. பந்தல் அப்பாவின் மேடைக்கு எட்டடி தள்ளித்தான் போட்டோம், வேறு இடம் இல்லை. இரண்டு பன்றி, எட்டுக் கூடை சேப்பங்கிழங்கு, மண் அடுப்பில் வெந்தது. மாப்பிள்ளை வீட்டார் குறை சொல்லவில்லை. முதல் விரிப்பாக, அவளுக்குப் பல் முளைத்தபோது நான் தைத்ததைப் போர்த்தினோம்.

உன் விரிப்பு நவம்பர் மூன்றாம் தேதியே வந்துவிட்டது. தையல் நன்றாக இருந்தது. இதை நான் சும்மா சொல்லமாட்டேன் என்று உனக்குத் தெரியும்.

அதை அப்பாவோடு வைத்துவிட்டேன். நான்தான் வைத்தேன். அப்பாவுக்கு மகள்கள் இரண்டு. ஒருத்தியின் விரிப்பு இல்லாமல் குழியை மூடினால் ஊர் என்ன பேசும்? உன் மானத்தைக் காப்பாற்றினேன் என்று வைத்துக்கொள். அவருக்கு மேலே, மார்பின் மீது அதுதான் இருக்கிறது. இதில் யாரும் குற்றம் சொல்ல முடியாது, நீயும் சொல்ல முடியாது.

இதைப் பற்றித் தெபாயேருவுக்கு எழுதாதே. புதுப்பெண், நிம்மதியாக இருக்கட்டும். எதுவானாலும் எனக்கு எழுது.

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

அகாயிதி


டோக்கொரோவா
4 ஜனவரி 1987

அகாயிதி,

சுகம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை.

உன் பெட்டியில் ஆறு விரிப்பு இருந்தது. ஆறு! அதில் ஒன்றை எடுத்து என் பெயர் சொல்லி அப்பாவின் மேல் வைத்திருக்கலாம். எந்த ஊர் வந்து எண்ணிப் பார்க்கப் போகிறது? நீ என்னுடையதை எடுத்தாய். ஆறு மாதம், இரண்டு முறை தைத்த துணி. நீ பிரிக்கச் சொன்னாய், பிரித்தேன். வலிக்கட்டும் என்றாய், வலித்தது. கடைசியில் மண்ணுக்குள் போட்டு அதன் மேல் சிமெண்ட் பூசிவிட்டு, எட்டடி தள்ளி விருந்து சாப்பிட்டாயே, உனக்குத் தொண்டையில் இறங்கியதா?

குற்றம் சொல்ல முடியாதபடி செய்திருக்கிறாய். அதுதான் உன் கெட்டிக்காரத்தனம். வெட்டுவதில் உன்னை மிஞ்ச ஆளில்லை.

இப்போது நான் சொல்வதைக் கேள். நீ மலடி. கர்த்தர் உன் வயிற்றைத் தெரிந்துதான் மூடினார். என் பிள்ளையைத் தூக்கி உன் மடியில் வைத்ததால் நீ தாயாகிவிடவில்லை. இருபது வருஷம் திருடின பொருளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாய், சொந்தக்காரி வந்து ஒரு மூலையில் பெயர் எழுதியதும் புதைத்துவிட்டாய். நாளைக்கு அவளுக்குப் பிள்ளை பிறந்தால் அது என் பேரப்பிள்ளை. உனக்கு அது யாருமில்லை. நீ சாகும்போது உன் ரத்தத்தில் ஒருத்தர்கூட உன் குழியருகில் நிற்கமாட்டார்கள்.

இதைத் தெபாயேருவுக்கும் எழுதுவேன். தாயின் துணியை வளர்த்தவள் என்ன செய்தாள் என்று அவள் தெரிந்துகொள்ள வேண்டாமா?

நூரோவா


ஐதுதாகி
15 பிப்ரவரி 1987

அன்புள்ள சித்திக்கு,

தெபாயேரு எழுதுவது. நீங்களும் சித்தப்பாவும் தம்பிகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் சுகம். அம்மாவுக்குத்தான் ஒரு மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை.

ஏன் என்று போன வியாழக்கிழமை தெரிந்தது. ராத்திரி ஜெபத்துக்கு வாசிக்க வேதப்புத்தகத்தைத் திறந்தேன், உங்கள் ஜனவரிக் கடிதம் விழுந்தது. அம்மா பிடுங்கப் பார்த்தார். நான் படித்துவிட்டேன்.

நீங்கள் எனக்கு எழுதப் போவதாகச் சொன்னீர்கள். அந்தச் சிரமம் வேண்டாம், நானே எழுதுகிறேன்.

உங்கள் விரிப்பைத் தாத்தாவோடு வைத்தது அம்மா இல்லை. நான்.

பார்சல் வந்த அன்று அம்மா அதைக் கட்டில்மேல் விரித்துவிட்டு அரை மணி நேரம் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாத்தியா, எங்க நூரோ தையலை" என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் மூலையைப் பார்த்தேன். நீங்கள் கடிதம் எழுத ஆரம்பித்ததிலிருந்தே அம்மாவிடம் சொல்லியிருந்தேன், துணி அனுப்பினால் போர்த்திக்கொள்கிறேன், ஆனால் அதில் மகள், தாய் என்று ஏதாவது வந்தால் என் தோளில் படவிடமாட்டேன் என்று. பெயர் வேண்டாம் என்று அம்மா உங்களுக்கு மூன்று முறை எழுதினார். நீங்கள் கேட்கவில்லை.

தாத்தாவைக் கிடத்தியிருந்தபோது நான் பெட்டியைத் திறந்து அதை எடுத்து வந்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேணாண்டி, அது உன் கல்யாணத்துக்கு வந்தது."

"எனக்கு வந்ததுன்னா என்ன செய்யறதுன்னு நான்தானே சொல்லணும்?"

"அவ கண்ணைக் கெடுத்துக்கிட்டுத் தச்சிருக்காடி. அவ தாங்கமாட்டா."

"என்னைத் தூக்கி உங்க கையில குடுத்தது தாத்தா. அவருக்கு இது சேரட்டும். கணக்குத் தீர்ந்துச்சு."

மூலையை உள்பக்கம் மடித்துத் தாத்தாவின் மார்பில் நானே வைத்தேன். அம்மா அன்றைக்கு எனக்காக அழுதாரா, உங்களுக்காக அழுதாரா, தாத்தாவுக்காக அழுதாரா என்று எனக்குத் தெரியாது.

ராத்திரி என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். "நான்தான் வச்சேன்னு எழுதிடறேன். அக்கா மேல கோபப்பட்டா அவ பொழச்சுக்குவா. மக வேணாம்னு சொன்னான்னு தெரிஞ்சா பொழைக்கமாட்டா. நீ வாயத் தொறக்கக் கூடாது." நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் அவரை மலடி என்று எழுதாமல் இருந்திருந்தால் சாகும்வரை திறந்திருக்கமாட்டேன்.

உங்களுக்கு நினைவிருக்கிறதா தெரியவில்லை. எனக்கு ஒன்பது வயதில் நீங்கள் ஊருக்கு வந்தீர்கள். சித்தப்பாவும் இரண்டு தம்பிகளும் கூட வந்தார்கள், நான்கு பேருக்கும் புதுச் செருப்பு. என்னைப் பெற்றது நீங்கள் என்று எனக்குத் தெரியும். இந்தத் தீவில் யாருக்குத்தான் தெரியாது. அம்மா எனக்குத் தலை வாரி, பூ வைத்து, "போ, உன்னப் பெத்தவ வந்திருக்கா, போய் நில்லு" என்று அனுப்பி வைத்தார். நான் விமானத் திடலில் உங்கள் முன்னால் போய் நின்றேன். சித்தப்பா, "யாரு இந்தக் குட்டி?" என்று கேட்டார்.

நீங்கள், "எங்க அக்கா பொண்ணு" என்றீர்கள்.

அதை அன்றைக்கே எடுத்து வைத்துக்கொண்டேன், சித்தி. இன்றுவரை அப்படியேதான் இருக்கிறேன். நான் உங்கள் அக்கா பெண். நீங்கள் சொன்னதுதான். இப்போது சிவப்பு நூலில் வேறு மாதிரி எழுதினால் எப்படி?

எனக்கு ஆகஸ்டில் பிள்ளை பிறக்கும். அம்மா அதற்குத் துணி வெட்டிவிட்டார், பூ. உங்களிடமிருந்து ஒன்றும் வேண்டாம். உங்களுக்குத் தையல் நன்றாக வந்துவிட்டது என்று அம்மா சொல்கிறார். அடுத்ததை உங்களுக்கே தைத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் குழியில் வைக்க இங்கிருந்து என் விரிப்பு வராது.

நான் எழுதியது அம்மாவுக்குத் தெரியாது.

தம்பிகளுக்கு அன்பு.

தெபாயேரு


டோக்கொரோவா
22 மார்ச் 1987

பிரியமான அகாயிதி அக்காவுக்கு,

நாங்கள் அனைவரும் கர்த்தர் கிருபையால் சுகம். பீட்டா இப்போது தெரு முனைவரை நடக்கிறார். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா? தேங்காய்ப்பாலில் மீனைப் போட்டு இரண்டு வாயாவது சாப்பிடு. நீ எப்போதும் மற்றவர்களுக்கு வைத்துவிட்டுத் தட்டைக் கழுவுகிறவள்.

ஜனவரியில் நான் எழுதிய கடிதத்தை அடுப்பில் போட்டுவிடு. அப்பா போன துக்கத்தில் புத்தி கெட்டு எழுதினேன். நீ செய்ததுதான் சரி. அப்பாவின் மார்பில் என் கை ஒன்று இருக்க வேண்டியதுதான். எனக்குத் தோன்றாததை நீ எனக்காகச் செய்தாய். நீ வைத்தாய் என்பதில் எனக்குச் சந்தோஷம்.

தெபாயேருவிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. கல்யாணமான புதிதில் சித்திக்கு எழுத யாருக்கு நேரம் இருக்கிறது. உன் மகளை நான் விசாரித்ததாகச் சொல்.

ஒரு உதவி, அக்கா. மறுபடி அதே சேம்பிலை வெட்டி, நூலோட்டி அனுப்பு. கட்டில் அளவு வேண்டாம். ஒரு ஆள் படுக்கிற அளவு போதும். யாருக்கு என்று கேட்காதே. அவசரமும் இல்லை. இந்த முறை வளைவில் நான்கு தையல் போடுவேன்.

மூலையில் எதுவும் எழுதமாட்டேன்.

உன் தங்கை
நூரோவா